கரி பூசாத பிரேக் பேட்: ஸ்போர்ட்ஸ் காருக்கு எதைப் போடுவது?

பிப்ரவரி 4

கேள்வி: சுமார் 1500 கிலோ எடையுள்ள ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் நான்கு பிஸ்டன் ஃபிக்ஸ்டு காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும், தான் நகராத கவ்வி), 350 மி.மீ. துளையிட்ட இரும்பு டிஸ்க். கழுவி மூன்றாம் நாளே முன்சக்கரங்கள் அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. செராமிக் பேட் போட்டால் தூளே வராது என்கிறார்கள். வருடத்தில் இரண்டு நாள் ரேஸ் டிராக்கிலும் ஓடும். செராமிக் போட்டால் பிடி குறையுமா? முன்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பிப்ரவரி 4, இரவு

தூளே வராத பேட் கிடையாது. உராய்ந்து நிறுத்துகிற எதுவும் தேயும். எது தேய்கிறது, தேய்ந்தது எங்கே போய் ஒட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியக் கார்களில் கம்பெனியே போட்டு அனுப்பும் பேட் பெரும்பாலும் லோ-மெட்டாலிக். உருக்கு இழையும் கடினமான உராய்வுத் துகளும் கலந்தது. அது டிஸ்க்கைச் சுரண்டிப் பிடிக்கும் ரகம். அதனால்தான் குளிர்ந்த நிலையிலும் மழையிலும் முதல் மிதியிலேயே பிடி கிடைக்கிறது, அதிவேகத்திலிருந்து அழுத்தினாலும் தாங்குகிறது. அதற்கான விலை, பேடும் டிஸ்க் இரும்பும் சேர்ந்து தூளாவது. செமி-மெட்டாலிக்கில் உலோகம் இதைவிட அதிகம், சூடு தாங்குவதும் அதிகம்.

செராமிக் என்று விற்பது வேறு வழியில் பிடிக்கிறது. பேடின் பொருளே மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிகிறது. பிறகு பேட் அந்தப் படலத்தோடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. டிஸ்க் குறைவாகத் தேயும். வருகிற தூள் வெளிறிய சாம்பல் நிறம், பிசுபிசுப்பு குறைவு, தண்ணீர் பட்டாலே பெரும்பகுதி போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. செராமிக் பேட் வேறு, கார்பன்-செராமிக் டிஸ்க் வேறு. உங்களுடையது வார்ப்பிரும்பு டிஸ்க். கார்பன்-செராமிக் டிஸ்க் இருக்கும் காரில் இரும்பு டிஸ்க்குக்கான பேடைப் போடக்கூடாது. டிஸ்க் தயாரித்தவர் குறிப்பிட்ட பேட் மட்டும்தான்.

தூளின் பெரும்பங்கு முன்பக்கத்திலிருந்து வருவதால் முன்பக்கம் மட்டும் மாற்றினாலே போதும்.

பிப்ரவரி 5

டிஸ்க்கும் தூளாகிறது என்று சொன்னதை நம்ப முடியவில்லை என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு.

முன்பக்கம் மொத்தம் நான்கு பேட். ஒவ்வொன்றின் பரப்பு 80 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 1 மி.மீ. தேய்ந்தால் போகிற பொருள் 32 கன செ.மீ. அடர்த்தியை 2.7 என்று எடுத்தால் சுமார் 86 கிராம்.

இப்போது டிஸ்க். வெளி ஆரம் 175 மி.மீ., பேட் தொடும் உள் ஆரம் 115 மி.மீ. ஒரு முகத்தின் பரப்பு சுமார் 547 சதுர செ.மீ. முகத்துக்கு வெறும் 0.1 மி.மீ. தேய்ந்தால், இரண்டு டிஸ்க், நான்கு முகம் சேர்த்து 21.9 கன செ.மீ. வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2. ஆக 157 கிராம்.

பேட் ஒரு மில்லிமீட்டர் தேய்வதைவிட, டிஸ்க் முகம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்வது எடையில் அதிகம். ஆகவே தூள் குறைவான பேடைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது டிஸ்க்கைத் தின்னாத பேட். பேட் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது இரண்டாவது கேள்விதான். நீண்ட நாள் உழைக்கும் கடினமான பேட் டிஸ்க்கை அரைத்துக்கொண்டு சக்கரத்தைக் கறுப்பாக்குவதும் உண்டு.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 157 கிராமும் சக்கரத்தில் உட்கார்ந்துவிடாது. கணிசமான பகுதி காற்றோடும் தரையோடும் போகும். ஆனால் சக்கரத்தில் தங்கும் பகுதியில் தொல்லை தருவது இரும்புதான். சூடாகப் பறந்து வந்து பெயின்ட்டில் பதியும், ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தும் போகாத செம்பழுப்புப் புள்ளிகள் அவைதான்.

பிப்ரவரி 5, இரவு

பேட் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிரேக் அதிகம் தொடாமல் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, தொடாவெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் அளந்து பாருங்கள். இடது வலது ஜோடிக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தூளுக்கு எந்தப் பேடும் மருந்தில்லை.

பிப்ரவரி 7

டிராக் நாள் பற்றி. இதுதான் இந்தக் கேள்வியின் மையம். எல்லோரும் தூளிலிருந்து தொடங்கி பேடைத் தேடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் சூடு.

1500 கிலோ கார், மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்குகிறது. கழியும் ஆற்றல் சுமார் 1.94 மெகாஜூல். அதில் 70 சதவீதம் முன்பக்கம். ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 0.68 மெகாஜூல். டிஸ்க் 10 கிலோ, இரும்பின் வெப்ப ஏற்பு ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 500 ஜூல் என்று வைத்தால், அந்த ஒரே மிதியில் டிஸ்க்கின் வெப்பநிலை 136 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் உதவும் என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையும். ஆனால் ஒரு சுற்றில் இப்படி நான்கைந்து வளைவு, நடுவில் ஆறுவதற்குச் சில நொடிகள்.

அதே கார் சாலையில் 100-லிருந்து நின்றால் ஏற்றம் சுமார் 40 டிகிரி மட்டுமே.

சாலைக்கான செராமிக் பேட் பலவற்றுக்கு 400 டிகிரியைத் தாண்டினாலே சிரமம். பேடைக் கட்டி வைத்திருக்கும் ஃபீனாலிக் ரெசின் ஆவி விடத் தொடங்கும். பெடல் கல்லைப்போல் இருக்கும், கார் மட்டும் நிற்காது. அதுதான் பேட் ஃபேட். பெடல் தரைவரை போனால் அது வேறு கதை, பிரேக் திரவம் கொதித்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேடை மாற்றுகிறவர்களும் உண்டு, திரவத்தை மாற்றுகிறவர்களும் உண்டு.

எவ்வளவு சூடாகிறது என்று ஊகிக்க வேண்டாம். டிஸ்க்கின் வெளி விளிம்பில் பூசும் வெப்பப் பெயின்ட் இருக்கிறது. ஏபி ரேசிங் என்ற பிரேக் கம்பெனி விற்பதில் பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் கோடாகப் பூசிவிட்டு ஒரு செஷன் ஓட்டிப் பாருங்கள். பச்சை மட்டும் மாறியிருந்தால் அதற்கேற்ற பேட். ஆரஞ்சும் மாறியிருந்தால் தூள் குறைவான சாலைப் பேடை டிராக்கில் மறந்துவிடுங்கள்.

உங்கள் காரில் மிக அதிகமாக ஏறும் சூடு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைத் தாங்குகிற பேடுகளில் எது குறைவாகத் தூள் விடுகிறதோ அதை வாங்குங்கள். தலைகீழாகத் தேர்ந்தெடுத்தால் சக்கரம் பளபளக்கும், வளைவில் கார் நிற்காது.

பிப்ரவரி 8

முதல் நாள் நான் எழுதிய ‘முன்பக்கம் மட்டும் போதும்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

முன் பேடின் உராய்வு எண் குறைந்து பின் பேட் பழையதாகவே இருந்தால், அதே பெடல் அழுத்தத்தில் பின்பக்கத்தின் பங்கு கூடுகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின் டயர்கள் ஏற்கனவே லேசாக இருக்கும். அவைதான் முதலில் லாக் ஆக, அதாவது சுழலாமல் நின்றுவிடப் பார்க்கும். ஏபிஎஸ்ஸும் (சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) இபிடியும் (முன், பின் பிரேக் பங்கைப் பிரிப்பது) அதைப் பிடித்துவிடும், உண்மைதான். ஆனால் வளைவில் பிரேக்கோடு நுழையும்போது பின்பக்கம் இளகுவதை உடம்பு உணரும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ரகமாக மாற்றுங்கள். எதிர்த்திசையில், முன்பக்கம் மட்டும் பிடி கூடுவது ஆபத்து குறைவு. அங்கேயும் முன் டயர் சீக்கிரம் லாக் ஆவதால் நிற்கும் தூரம் கூடலாம்.

பிப்ரவரி 8, பிற்பகல்

‘பிடி குறையுமா’ என்பதற்கு நேரான பதில். உராய்வு எண் 0.45-லிருந்து 0.35-க்கு இறங்கினால், அதே அளவு நிற்க காலால் சுமார் 29 சதவீதம் அதிகமாக அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு அழுத்த முடிகிறவரை, நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். ஆகவே சாலையில் பேட் மாறியதும் ‘பிரேக் போய்விட்டது’ என்று தோன்றுவது பெரும்பாலும் பெடலின் உணர்வு. முதல் கடி, அதாவது பெடலைத் தொட்டதும் வரும் பிடி, மென்மையாகிவிடும். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும்.

பிப்ரவரி 11

பேட் முதுகிலோ ஓரத்திலோ அச்சிட்ட எஃப்எஃப், ஜிஜி போன்ற இரட்டை எழுத்தை வைத்து ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் அதற்கு மேல். ஒரே எஃப்எஃப்புக்குள் 0.36-ம் அடங்கும், 0.44-ம் அடங்கும். காலுக்கு அது பெரிய வித்தியாசம். சோதனை செய்வதும் பேடிலிருந்து வெட்டிய சிறு துண்டை வைத்து. அந்தச் சோதனையின் உச்சச் சூடு சுமார் 343 டிகிரி. டிராக்கில் என்ன நடக்கும் என்று அந்த எழுத்து சொல்லாது. தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாது. இரண்டாம் எழுத்து முதலைவிடக் கீழே இருந்தால், எஃப்இ மாதிரி, சூட்டில் பிடி குறைகிறது என்று அர்த்தம். கனமான, வேகமான காருக்கு அதைத் தவிர்ப்பேன்.

மாற்று பேடுகளுக்கான ஐரோப்பிய அங்கீகாரமான இசிஇ ஆர்90 முத்திரை இருந்தால் அது இன்னும் பயனுள்ள தகவல். அந்த பேட் காரின் அசல் பேடின் செயல்திறனிலிருந்து கூடவோ குறையவோ 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். காரின் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி அமைப்புகள் எல்லாம் அசல் பேடின் நடத்தையை வைத்து அளவு பார்த்தவை என்பதால் சாலைக்கு இந்த முத்திரை எனக்கு முக்கியம்.

பிப்ரவரி 12

பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

சாலை மட்டும் என்றால்: அகெபோனோவின் செராமிக் (ஐரோப்பியக் கார்களுக்கு யூரோ என்று தனி வரிசை உண்டு), ஏட்டிஇ செராமிக், டெக்ஸ்டார் இபேட். இவை தூள் குறைப்பதற்கென்றே செய்தவை. அமைதியும் கிடைக்கும். கடி மென்மை.

வேகமான சாலை ஓட்டம், மலைப்பாதை: இபிசி ரெட்ஸ்டஃப், கார்போடெக் 1521, போர்ட்டர்ஃபீல்டு ஆர்4-எஸ். இந்த மூன்றில் டிஸ்க்குக்கு மிக மென்மையானது என்று பெயர் வாங்கியது 1521.

சாலையும் டிராக்கும் ஒரே பேடில்: ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப். தூள் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில கார்களில் அசல் பேட் அளவுக்கு வரும்.

பஜிட் ஆர்எஸ்29 போன்ற எண்டியூரன்ஸ் (நீண்ட பந்தய) பேடைத் தினசரி ஓட்டத்துக்குப் போட்டுக்கொண்டு தூளைப் பற்றிப் பேச வேண்டாம். அது குளிர்ந்திருக்கும்போது டிஸ்க்கை அரம்போல் அராவும், பேருந்து பிரேக்போல் அலறும்.

பிப்ரவரி 15

ஒரே பேடைப் பற்றி ஒருவர் புகழ்ந்தும் இன்னொருவர் திட்டியும் எழுதுவதற்கு ஒரு காரணம் செம்பு. செராமிக் பேடுகளில் செம்பு இழை சூட்டைப் பரப்பும், டிஸ்க்கில் படலம் சீராகப் படிய உதவும். அந்தச் செம்பு பிரேக் தூளிலிருந்து நீர்நிலைகளுக்குப் போய் மீன்களைப் பாதிக்கிறது என்று கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-ல் சட்டம் போட்டன. கலிஃபோர்னியாவில் 2021 முதல் எடையில் 5 சதவீத வரம்பு, 2025 முதல் 0.5 சதவீதம். பேடின் ஓரத்தில் ஏ (A), பி (B), என் (N) என்று ஒரு எழுத்து இருக்கும். பி என்றால் செம்பு 5 சதவீதத்துக்குக் கீழ், என் என்றால் 0.5-க்குக் கீழ்.

பெட்டியின் பெயர் பழையதாகவே இருக்க, உள்ளே கலவை மாறியிருக்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய பாராட்டை வைத்து வாங்காதீர்கள். எந்த எழுத்து உள்ள பேடைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ‘என்’ (N) எழுத்து தூள் குறைவு என்ற உறுதியும் அல்ல. அது வேதியியல் பற்றியது மட்டும்.

பிப்ரவரி 20

மாட்டும் வேலை. தூள் குறைவான பேட் ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

பழைய பேட் டிஸ்க்கில் தன் படலத்தை விட்டுப் போயிருக்கிறது. அதன் மேல் வேறு கலவையின் படலம் சீராகப் படியாது. அங்கங்கே திட்டாகப் பிடித்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்தத் திட்டுகளே. ஆகவே முதலில் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் தடிமனை விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளங்கள். வேறுபாடு 0.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கின் மேலேயே அச்சிட்ட குறைந்தபட்சத் தடிமனோடும் ஒப்பிடுங்கள். பிறகு டயல் கேஜ் வைத்துச் சுழற்றி ஆட்டத்தைப் பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அளங்கள்.

டிஸ்க் நல்லபடி இருந்தால் 120 முதல் 150 எண் கார்னெட் தாளால் (ஒரு வகை உப்புத்தாள்) இரு முகத்தையும் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேயுங்கள். ஒரே திசையில் கோடு விழக் கூடாது. நீலம் பாய்ந்த பளபளப்பு போய் மங்கலான சாம்பல் வரும்வரை. பிறகு பிரேக் கிளீனர், சுத்தமான துணி. துணியில் கறுப்பு வராதவரை துடையுங்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணிதான் சரி.

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் முன் திரவத் தொட்டியில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வழிந்து பெயின்ட்டைத் தின்னும். நான்கு பிஸ்டன் ஃபிக்ஸ்டு காலிப்பரில் ஒரு பக்கத்தைத் தள்ளினால் எதிர்ப்பக்கம் வெளியே வரும். ஒரு பக்கப் பேடை மட்டும் எடுத்து, அந்தப் பக்கப் பிஸ்டன்களைத் தள்ளி, புதுப் பேடைப் போட்டபின் மறுபக்கம். பிஸ்டன் தள்ளும்போது இறுக்கமாகவோ திக்கித் திக்கியோ போனால் சீலில் சிக்கல். பின்பக்கக் காலிப்பரிலேயே எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் மோட்டார் இருந்தால் சர்வீஸ் மோடுக்குப் போகாமல் தொடக்கூடாது, உள்ளிருக்கும் திருகு உடையும்.

காலிப்பரில் முன்னும் பின்னும் பிஸ்டன் அளவு வேறாக இருந்தால் பேடுக்கு இடம் வலம் உண்டு. அம்புக்குறி இருந்தால் அது டிஸ்க் முன்னோக்கிச் சுழலும் திசை. தேய்மான சென்சார் வயர் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும், புதிது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதிர்வுத் தடுப்பான் தகடு, பின், ஸ்பிரிங் எல்லாம் புதுசு போடுங்கள். செராமிக் பேட் கீச்சிடுகிறது என்கிற இடத்தில் பாதி நேரம் பழைய ஸ்பிரிங்தான் உட்கார்ந்திருக்கும். கிரீஸ் பேடின் காதுகள் (இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருப்பவை) நகரும் இடத்தில் மட்டும், மிக மெல்லியதாக. ஸ்லைடு பின் உள்ள காலிப்பரில் சிலிக்கான் கிரீஸ்தான். பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும், பின் மாட்டிக்கொள்ளும், பேட் இழுத்துக்கொண்டே ஓடும், தூள் இரட்டிப்பாகும்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும்.

பிறகு பேடின் படலத்தை டிஸ்க்கில் படிய வைத்தல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 15-க்கு, ஏபிஎஸ் தொடாத அளவு பலமாக, எட்டு முதல் பத்து முறை, அடுத்தடுத்து. முழுக்க நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள்.

பிப்ரவரி 21

மேலே உள்ள கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம் வேண்டும். அந்த முறை சூடு தாங்கும் வேகப் பேடுகளுக்கு. சாலைச் செராமிக்குக்கு அது அதிகம். பெரும்பாலான செராமிக் பேடுக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக 30 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 நொடி ஆற விடுவதே போதும். பெட்டிக்குள் தாள் இருந்தால் அதில் சொன்னதே இறுதி. இலேசான வாடை வந்தால் பயமில்லை. பெடல் நீளமாகப் போகத் தொடங்கினால் உடனே நிறுத்தி ஆற விடுங்கள்.

சரியாகப் படிந்த டிஸ்க்கில் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீரான நீலச்சாம்பல் மெருகு தெரியும். பேட் வடிவத்தில் ஒரு முத்திரை தெரிந்தால், சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். மறுபடி கார்னெட் தாள்.

பிப்ரவரி 24

மழை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். சுரண்டும் பேட் டிஸ்க்கைத் தானே துடைத்துக்கொள்ளும். ஒட்டும் பேட் அதைக் குறைவாகவே செய்யும். நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் மழையில் ஓடியபின் முதல் மிதியில் ஒரு கணம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். துளையிட்ட டிஸ்க்கில் இது சற்றுக் குறைவு. அவ்வப்போது பெடலை லேசாகத் தொட்டு டிஸ்க்கை உலர்த்திக்கொள்ளுங்கள். கழுவியவுடன் நிறுத்திவைத்தாலும் மேல்துரு சீக்கிரம் தெரியும். ஷெட்டுக்குள் விடும் முன் இரண்டு மூன்று முறை பிரேக் போட்டுச் சூடாக்கிவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்.

பிப்ரவரி 24, இரவு

துளை பற்றிப் பேசியதால்: துளையும் வரிப்பள்ளமும் பேடைச் சீவும். அடுத்த முறை டிஸ்க் மாற்றும்போது, டிராக் பயன்பாடு குறைவென்றால், அதே எடையுள்ள சாதா வென்டிலேட்டட் டிஸ்க் போடுவது தூளுக்கும் நல்லது, விரிசலுக்கும் நல்லது. சக்கரத்துக்குள் வைக்கும் தூள் மறைப்புத் தகடு வேண்டவே வேண்டாம். அது டிஸ்க்குக்குப் போகும் காற்றை அடைக்கும்.

மார்ச் 2

வருடம் இரண்டு டிராக் நாளுக்கு என் பரிந்துரை இரண்டு செட் பேட். தினசரிக்குத் தூள் குறைவானது, டிராக்குக்கு முந்தைய நாள் மாட்டுவதற்கு ஒரு டிராக் பேட். ஃபிக்ஸ்டு காலிப்பரில் பின்னைத் தட்டி எடுத்தால் பேட் மேல்வழியே வந்துவிடும் என்றால் ஒரு பக்கம் இருபது நிமிட வேலை.

படலம் மாறும் பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கிறது. டிராக் பேட் குளிர்ந்த நிலையில் டிஸ்க்கைச் சுரண்டும் என்றேன். சாலையில் மென்மையாக ஓட்டி டிராக்குக்குப் போகும் தூரத்திலேயே பழைய படலம் பெரும்பாலும் போய்விடும். அங்கே போய் டிராக் பேடைச் சூடாகப் படிய வைக்கலாம். திரும்பி வரும்போதும் குளிர்ந்த டிராக் பேடால் சுரண்டியபடி வந்து, வீட்டில் சாலைப் பேடை மாட்டி 30 முறை மிதப் படியவைப்பு. ஒரே தயாரிப்பாளரின் ஒரே குடும்பக் கலவைகளாக இரண்டையும் வாங்கினால் சிக்கல் இன்னும் குறையும். எடுத்த பேடில் இடது-வலது, உள்-வெளி என்று பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். அதே இடத்துக்குத்தான் அது திரும்பிப் போக வேண்டும்.

டிராக் நாளின் தூளை அன்றே கழுவுங்கள். ஒரு இரவுப் பனி போதும், துருவாகிச் சக்கரத்தோடு பற்றிக்கொள்ளும்.

பிரேக் திரவம்: டாட் 4 தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை உலர்ந்த நிலையில் 230, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. டாட் 5.1-க்கு 260, 180. எந்த பேட் போட்டாலும் இரண்டு வருடம் பழைய திரவத்தோடு டிராக்குக்குப் போவது அந்த 155-ஐ நம்பிப் போவது.

மார்ச் 3

சக்கரத்தில் ஒட்டிய இரும்புத் தூளைக் கரைக்கத் தெளிக்கும் இரும்பு நீக்கி திரவம் ஊதா நிறமாவதைக் கண்டு சக்கரம் கெட்டுவிட்டதா என்று கேட்டவருக்கு: இல்லை. அதிலிருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. சக்கரம் குளிர்ந்திருக்க வேண்டும், வெயிலில் உலர விடக்கூடாது, இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். பூச்சு இல்லாத மெருகேற்றிய அலுமினியத்தில் அமில வகை வேண்டாம்.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். பழைய பேடில் 500 கி.மீ., புதுப் பேடில் 500 கி.மீ. ஓடியபின் ஒரே ஸ்போக்கில் ஒரே அளவு தெளித்துப் பாருங்கள். ஊதா வெளிறியிருந்தால் டிஸ்க் இரும்பு வருவது குறைந்திருக்கிறது. சாம்பல் தூள் இருந்தும் ஊதா வரவில்லை என்றால் அது பேடின் தூள், கழுவினால் போகிறது, கவலை வேண்டாம்.

மார்ச் 9

டிஸ்க்கையே மாற்றினால் என்ன என்று ஒரு கேள்வி. போர்ஷே 2017-ல் கெயேனில் கொண்டுவந்த பிஎஸ்சிபி அப்படிப்பட்டது. வார்ப்பிரும்பு மேல் சுமார் 0.1 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. தூள் 90 சதவீதம் வரை குறைவு என்று கம்பெனி சொல்கிறது. அந்தத் துணிச்சலில்தான் காலிப்பருக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். மேலே போட்ட கணக்கு அங்கே உறுதியாகிறது: டிஸ்க் தேயாவிட்டால் தூளில் பெரும்பகுதி இல்லை. அதற்கும் அதற்கென்று செய்த பேட்தான். கண்ட பேடைப் போட்டால் பூச்சு வீண்.

ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் முதல்முறையாக பிரேக் தூளுக்கும் வரம்பு வைக்கின்றன. 2026 நவம்பர் 29 முதல் புது மாடல் கார்களுக்கு கி.மீ.க்கு 7 மில்லிகிராம் பிஎம்10 (காற்றில் மிதக்கும் 10 மைக்ரான் வரையிலான நுண்துகள்), முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். லோ-மெட்டாலிக் பேடை விட்டுத் தயாரிப்பாளர்கள் நகர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. இப்போது தனியாகத் தேடி வாங்குவது, இனி காரோடே வரும்.

மார்ச் 15

புதுப் பேட் போட்டு 800 கி.மீ. ஆனபின் மூன்று சக்கரம் சுத்தம், இடது முன்சக்கரம் மட்டும் கறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். பேடைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இடது முன் இரண்டு பேடையும் வெளியே எடுத்து நான்கு மூலையிலும் தடிமன் அளங்கள். உள்பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் உள்பக்கப் பிஸ்டன் திரும்பவில்லை. ஒரே பேட் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால் அந்த முனைப் பிஸ்டனோ, காது உட்காரும் இடத்தின் துருவோ காரணம். அரத்தால் துருவை எடுத்துவிட்டுப் பாருங்கள், பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். இரண்டும் சமமாக, ஆனால் வலதைவிட அதிகம் தேய்ந்திருந்தால் பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி திரவத்தைத் திரும்ப விடாமல் வைத்திருக்கலாம். பெடலை அழுத்தி விட்டபின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரில் காற்று எடுக்கும் திருகு) திறங்கள். உடனே இலகுவானால் ஹோஸ் அல்லது அதற்கு மேலே. இலகுவாகாவிட்டால் காலிப்பர்.

நிப்பிளை மூடியபின் அந்தச் சக்கரத்தில் காற்று எடுக்க மறக்காதீர்கள்.